ஸ்பைனல் போட்டதும் பி.பி. விழுகிறது: ஒரு லிட்டர் ஏற்றியும் ஏன்?

2 ஜூன் 2024, இரவு 9.15 (கேள்வி)

தாலுகா மருத்துவமனையில் மயக்க மருந்துப் பிரிவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. சிசேரியனுக்கு ஸ்பைனல் (முதுகில் போடும் மரப்பு ஊசி) போட்டால் எனக்கு மட்டும் ஏன் இப்படி பி.பி. விழுகிறது? இன்று காலை ஹெவி பூபிவக்கைன் என்ற மரப்பு மருந்து 2 மில்லி போட்டேன். அதற்கு முன்பே ஆர்.எல். (உப்புத் திரவம்) ஒரு லிட்டர் ஏற்றி முடித்துவிட்டேன். படுக்க வைத்த மூன்றாவது நிமிடம் 74/38. ஓங்கரிப்பு, வியர்வை. பி.பி. ஏற்றும் மெஃபென்டர்மைன் 6 மில்லிகிராம் இரண்டு தடவை கொடுத்த பிறகுதான் ஏறியது. குழந்தை நன்றாக அழுதது. ஆனால் சர்ஜன் மேடம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இன்னும் அரை லிட்டர் ஏற்றியிருக்க வேண்டுமா?

2 ஜூன், இரவு 10.40 (பதில்: ஒரு மூத்த மயக்க மருத்துவர்)

வேண்டாம். இரண்டு லிட்டர் ஏற்றியிருந்தாலும் விழுந்திருக்கும்.

உங்களுக்கு மட்டும் என்பதும் இல்லை. தடுப்பு மருந்து எதுவும் கொடுக்காமல் விட்டால் சிசேரியனுக்கு ஸ்பைனல் போடும் பெண்களில் பாதிக்கு மேல் பி.பி. விழும். உங்கள் சர்ஜன் மேடத்துக்கும் இது தெரியும். பார்வை என்பது தியேட்டர் வழக்கம், கண்டுகொள்ளாதீர்கள்.

நான் பி.ஜி. படித்த காலத்தில் பாடம் இதுதான்: முதலில் ஒரு லிட்டர், அப்புறம் முதுகு. பாட்டில் தீரும்வரை ஊசியைத் தொடக் கூடாது. பத்து வருடத்துக்கு மேல் இதை வேதம் மாதிரி செய்தேன். பி.பி. விழுந்தால் "இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கலாம்" என்று என்னையே திட்டிக்கொள்வேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரௌட், ராக் குழுவினர் 1993-லேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் தேடவில்லை. ஏற்றாதவர்களில் 71% பேருக்கு விழுந்தது, முன்கூட்டி ஏற்றியவர்களில் 55% பேருக்கு விழுந்தது. இந்த வித்தியாசத்துக்காகத்தான் அவசர கேஸில்கூட பாட்டில் தீரட்டும் என்று நின்றிருக்கிறேன்.

காரணம் எளிமையானது. நமக்கு மார்பு மட்டம் வரை, டி4 வரை, மரத்தாக வேண்டும். அவ்வளவு உயரம் போகும் மருந்து, ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் சிம்பதடிக் நரம்புகளையும் சேர்த்துத்தான் படுக்க வைக்கும். குழாய்கள் தளர்கின்றன. தொடக்கத்தில் இதயம் முன்பைவிடக் கூடுதலாகவே இறைக்கிறது, ஆனால் எதிர்ப்பு இல்லாத குழாயில் அழுத்தம் நிற்பதில்லை. தளர்ந்ததை இறுக்க வேண்டிய இடத்தில் நாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தண்ணீரும் ரத்தக் குழாயில் தங்குவதில்லை. அரை மணி நேரத்தில் பெரும்பகுதி திசுக்களுக்குள் இறங்கிவிடுகிறது.

ஏற்றவே வேண்டாமா என்றால், ஏற்றுங்கள். மருந்து முதுகுக்குள் போகும் அதே நேரத்தில், வேகமாக. பச்சை வென்ஃப்ளான் (கையில் போடும் அகலமான ஊசிக் குழாய்) போடுங்கள். அதைவிட ஒடுங்கிய பிங்க் போட்டுவிட்டு வேகமாக ஏற்றுகிறேன் என்று சொல்லாதீர்கள்.

3 ஜூன், காலை 6.05

தூங்கப் போன பிறகு நினைவுக்கு வந்தது. நேற்று நான் குழாய், நரம்பு என்று பாடம் எடுத்தேனே தவிர முக்கியமானதைச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருப்பது "மூன்றாவது நிமிடம் 74/38". அதற்கு முந்தைய ரீடிங் எப்போது எடுத்தது?

என் கதையைச் சொல்கிறேன். 2000-களின் தொடக்கம், ஊர் வேண்டாம், மருத்துவமனை வேண்டாம். மானிட்டர் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை கையில் கட்டிய பி.பி. பட்டையை, கஃபை, இறுக்கும்படி வைத்திருந்தது. முந்தைய கேஸுக்கு யாரோ வைத்தது, நான் மாற்றவில்லை. ஸ்பைனல் போட்டுப் படுக்க வைத்தேன். 118. நிம்மதியாக கேஸ் ஷீட் எழுதத் திரும்பினேன். இரண்டாவது பிரசவத்துக்கு வந்த அந்த அம்மா, "டாக்டரம்மா, ஒரு மாதிரியா இருக்கு" என்றார். "ஒண்ணும் இல்லம்மா, இப்பதான் பார்த்தேன், பிரஷர் நல்லா இருக்கு" என்றேன். கொட்டாவி விட்டார். பிறகு "கண்ண இருட்டிக்கிட்டு வருது" என்றார். அப்போதுதான் பட்டனை அழுத்தினேன். கஃப் இறுக்கியது, தளர்ந்தது, மறுபடி இறுக்கியது, மறுபடி தளர்ந்தது. அது எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் 58 காட்டியது.

தாயும் பிள்ளையும் நன்றாக வீட்டுக்குப் போனார்கள். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு இருந்த ஒரே கருவி அவர் வாய்ச்சொல்தான், அதை நான் மறுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து குழந்தை வெளியே வரும்வரை கஃப் ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை. "கை வலிக்குது" என்பார்கள். வலிக்கட்டும், மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். அதோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். எந்த ஊரு, மூத்தது பொண்ணா பையனா, யார் துணைக்கு வந்திருக்காங்க. பதில் சுருங்கினால், கொட்டாவி வந்தால், "ஒரு மாதிரி" என்ற சொல் வந்தால், மருந்தைத் தள்ளிவிட்டுத்தான் மானிட்டரைப் பார்ப்பேன். பாடப்புத்தகம் குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல் என்று பட்டியல் போடும். நம் பெண்கள் அதை எல்லாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள்.

3 ஜூன், இரவு 11.20

மருந்துக்கு வருகிறேன். நீளமாகப் போகும்.

முதலில் எஃபெட்ரின், பி.பி. ஏற்றும் மருந்து. நாங்கள் படித்தபோது கர்ப்பிணிக்கு இதுதான், வேறு எதையும் தொடாதே என்று இருந்தது. அதற்குக் காரணம் ஆடுகள். 1970-களில் சினை ஆடுகளில் செய்த சோதனையில் எஃபெட்ரின் கருப்பையின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கவில்லை, ரத்தக் குழாயை மட்டும் இறுக்கும் மருந்துகள் குறைத்தன. ஆட்டை நம்பி முப்பது வருடம் ஓட்டினோம். பிறகு பெண்களிடமே சோதித்துப் பார்த்தபோது கதை மாறியது. எஃபெட்ரின் நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குப் போகிறது, குழந்தையின் இதயத்தையும் வளர்சிதை மாற்றத்தையும் விரட்டுகிறது, தொப்புள்கொடி ரத்தத்தில் அமிலம் கூடுகிறது. ரத்தக் குழாயை இறுக்கும் ஃபினைல்எஃப்ரின் கொடுத்த தாய்மாரின் குழந்தைகளில் அது குறைவு. இதில் ஹாங்காங்கின் ஙான் கீ (Ngan Kee) குழுவினருடைய வேலை பெரியது. ஃபினைல்எஃப்ரினை ஸ்பைனல் போட்ட உடனேயே தொடங்கிக் கூடவே வேகமாகத் திரவத்தையும் ஏற்றினால், கிட்டத்தட்ட யாருக்கும் பி.பி. விழுவதில்லை என்று 2005-ல் காட்டினார்கள்.

"தொடங்கி" என்ற சொல்தான் விஷயம். விழுந்த பிறகு தூக்குவதற்கு இல்லை. ஸ்பைனல் ஊசியை வெளியே எடுத்ததும் மருந்து ஓட ஆரம்பிக்க வேண்டும். 2018-ல் வந்த சர்வதேச ஒருமித்த பரிந்துரையும் அதையே சொல்கிறது: நிமிடத்துக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் ஃபினைல்எஃப்ரின். சிஸ்டாலிக் அழுத்தத்தை (பி.பி.யின் மேல் எண்ணை) அந்தப் பெண்ணுடைய வழக்கமான அளவில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் வைக்க முயல வேண்டும், 80 சதவீதத்துக்குக் கீழே போக விடவே கூடாது. வழக்கமான அளவு 120 என்றால் 108-ல் நிற்க வேண்டும், 96-க்குக் கீழே போகக் கூடாது. மானிட்டரில் எண் 90-க்குக் கீழே போனால்தான் மருந்து என்று இருந்தேன் பாருங்கள், அது எவ்வளவு தாமதம்.

அந்த "வழக்கமான அளவு" எது? தியேட்டர் மேஜையில் பயந்துபோய்ப் படுத்திருக்கும்போது காட்டும் 146 இல்லை. வார்டில் அமைதியாக இருக்கும்போது இரண்டு மூன்று தடவை எடுத்த சராசரி. அங்கேயே இன்னொன்றையும் பாருங்கள். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு இட்லி, அதோடு சரி, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, மதியம் பன்னிரண்டுக்கு ஆபரேஷன். யார் இப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். சிஸ்டரிடம் சொல்லி வையுங்கள். பெண்கள் கேட்கப் பயந்துகொண்டு வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள்.

நம் ஊரில் ஃபினைல்எஃப்ரின் ஆம்பியூல் 1 மில்லியில் 10 மில்லிகிராம். அப்படியே போட்டால் ஆளைக் கொல்லும். நீர்க்க வைத்துத்தான் ஆக வேண்டும். [திருத்தம்: இதற்கு அடுத்த இரண்டு வரிகளில் தவறு இருந்தது, நீக்கிவிட்டேன். 5 ஜூன் குறிப்பைப் பாருங்கள்.]

4 ஜூன், மதியம் 2.10 (இன்னொரு வாசகர்)

மேடம், நீங்கள் சொன்னபடி 1 மில்லியை 10 மில்லியாக்கி அதில் அரை மில்லி கொடுத்தால் 50 இல்லை, 500 மைக்ரோகிராம் போகும். இரண்டாவது முறை நீர்க்க வைப்பதை விட்டுவிட்டீர்கள்.

4 ஜூன், மதியம் 2.25

ஆமாம். பத்து மடங்கு. வரியை இப்போதே நீக்குகிறேன். யாரும் அதைப் பார்த்து எதையும் செய்யவில்லை என்று நம்புகிறேன். இரவு எழுதுகிறேன்.

5 ஜூன், காலை 5.40

நேற்று இரவு எழுத முடியவில்லை. ஒரு அவசர கேஸ், அதன் பிறகு வெட்கம்.

வருடக்கணக்காக இதைக் கலக்குகிறவள், ராத்திரி பதினொன்றரைக்குச் சோபாவில் உட்கார்ந்து எழுதும்போதே பத்து மடங்கு பிசகினால், விடியற்காலை மூன்று மணிக்கு, சர்ஜன் "போட்டாச்சா, போட்டாச்சா" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது என்ன ஆகும்? 500 மைக்ரோகிராம் ஒரே தள்ளாகப் போனால் பி.பி. 200-ஐத் தாண்டலாம், பல்ஸ் 40-க்கு வரலாம், தலை பிளக்கிற மாதிரி வலிக்கும், அதைவிட மோசமாகவும் முடியலாம். ஃபினைல்எஃப்ரின் நல்ல மருந்து என்று எழுதுகிறவர்கள் பலர் ஆயத்த சிரிஞ்சு கிடைக்கிற ஊர்க்காரர்கள். நமக்கு அது கலக்குகிறவர் கையில் இருக்கிறது.

நான் உண்மையில் செய்வது இது. இரண்டு படி வேலையே வேண்டாம். 100 மில்லி நார்மல் சலைன் பாட்டில் ஒன்று, அதில் ஒரு முழு ஆம்பியூல், 10 மில்லிகிராம். இப்போது ஒரு மில்லியில் 100 மைக்ரோகிராம். கணக்கு முடிந்தது. இதிலிருந்து 50 மில்லி சிரிஞ்சில் எடுத்துப் பம்பில் மாட்டினால் மணிக்கு 30 மில்லி என்பது நிமிடத்துக்கு 50 மைக்ரோகிராம், 15 மில்லி என்பது 25. கையால் கொடுப்பதென்றால் அரை மில்லி 50 மைக்ரோகிராம்.

பம்ப் இல்லையா? நிறைய இடத்தில் இல்லை. இருக்கும் ஒன்றும் எஸ்.என்.சி.யூ.வுக்கு (பச்சிளங்குழந்தைகள் பிரிவு) போயிருக்கும். மைக்ரோ ட்ரிப் செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி. அதனால் நிமிடத்துக்கு 30 சொட்டு விட்டால் அதே 50 மைக்ரோகிராம்தான். ஒரு கண் சொட்டிலேயே இருக்க வேண்டும். கை அசைந்தால், மேஜை ஏறினால் இறங்கினால் வேகம் மாறும்.

அந்த 100 மில்லி பாட்டிலைப் பற்றி ஒன்று. பாராசிட்டமால் பாட்டிலும் 100 மில்லிதான், மெட்ரோனிடசோல் பாட்டிலும் அதேதான். ஒரு இடத்தில் வேலை பார்த்தபோது, நான் கலந்து பெயர் எழுதாமல் ஸ்டாண்டில் தொங்கவிட்ட பாட்டிலை மெட்ரோனிடசோல் என்று நினைத்து சிஸ்டர் முழு வேகத்தில் திறக்கப் போனார். திறப்பதற்கு முன் "மேடம், மெட்ரோஜில் போட்டுடலாமா" என்று கேட்டார். கேட்காமல் இருந்திருந்தால்? தப்பு என்னுடையது. இப்போது பாட்டிலின் இரண்டு பக்கமும் சிவப்பு மார்க்கரில் எழுதுவேன். கேஸ் முடிந்ததும் மீதியை நானே கொட்டுவேன், வேறு யாரையும் கொட்டச் சொல்வதில்லை.

நேற்று தவறைக் காட்டியவருக்கு: நீங்கள் எந்த மருத்துவமனையோ, உங்களோடு வேலை பார்ப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

5 ஜூன், இரவு 9.50

மெஃபென்டர்மைன் பற்றிக் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். "எங்களிடம் அதுதான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?"

கொடுங்கள். இல்லாத ஃபினைல்எஃப்ரினைவிட இருக்கும் மெஃபென்டர்மைன் மேல். எஃபெட்ரின் ஜாதிதான். நரம்பு முனைகளில் இருக்கும் நார்அட்ரினலினைக் கிளப்பிவிட்டு வேலை செய்கிறது, அதனால் கொஞ்சம் மெதுவாக ஏறும், திரும்பத் திரும்பக் கொடுத்தால் வேலை குறைந்துகொண்டே வரும். வெளிநாட்டுப் புத்தகங்களில் பெயரைக் காண்பதே அரிது, இங்கே மயக்க மருந்து ட்ராலியில் அது இல்லாத நாள் கிடையாது. பல்ஸ் குறைந்து பி.பி.யும் குறைந்திருந்தால் நான் இன்றும் இதைத்தான் எடுப்பேன். ஃபினைல்எஃப்ரின் ஓடும்போது பல்ஸ் 55, பி.பி. 130 என்றால் எதையும் கொடுக்க வேண்டாம், ஓடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். பல்ஸ் எண்ணைப் பார்த்துப் பதறி, பல்ஸை ஏற்றும் அட்ரோபின் போட்டு, பி.பி. கூரைக்கு ஏறியதை நான் பார்த்திருக்கிறேன்.

இடையில் ஒரு வேடிக்கை. வேடிக்கையும் இல்லை. போன மாதம் எங்கள் மருந்தகத்தில் மெஃபென்டர்மைன் கணக்கை இரண்டு தடவை எண்ணச் சொன்னார்கள். ஜிம்முக்குப் போகிற பையன்கள் இதை ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள், தமிழ்நாட்டிலேயே போலீஸ் பல தடவை பிடித்திருக்கிறது. என் ட்ராலியில் இருபது வருடமாகக் கிடக்கும் மருந்து இப்போது பூட்டுக்குள். சாவி இன்சார்ஜ் சிஸ்டர் இடுப்பில். அவசர கேஸ் வந்தால் முதலில் சிஸ்டரைத் தேட வேண்டும்.

6 ஜூன், இரவு 10.15

இடது பக்கம் சாய்ப்பது பற்றி.

மல்லாந்து படுத்தால் கனமான கருப்பை கீழ்ப் பெருஞ்சிரையை அழுத்தும், இதயத்துக்கு ரத்தம் திரும்பாது, ஆகவே 15 டிகிரி இடது பக்கம் சாய். இதைக் கேள்வி கேட்காமல் செய்துவந்தோம், வலது இடுப்புக்குக் கீழே மடித்த பச்சைத் துணி ஒன்று வைத்து. 2015-ல் ஜப்பானில் ஹிகுச்சி குழுவினர் கர்ப்பிணிகளை எம்.ஆர்.ஐ.யில் வைத்துப் பார்த்தார்கள். 15 டிகிரி சாய்த்தும் சிரை விரியவில்லை, 30 டிகிரியில்தான் விரிந்தது. 30 டிகிரி சாய்த்தால் சர்ஜன் ஆபரேஷன் செய்ய முடியாது, அந்த அம்மா கீழே விழுவார்.

போன வருடம் ஒரு சந்தேகத்தில் மேஜையைச் சாய்த்துவிட்டு கைபேசியில் மட்டம் பார்க்கும் செயலியை வைத்து அளந்தேன். நான் 15 என்று சத்தியம் செய்திருப்பேன். 7 காட்டியது. மடித்த துணி எவ்வளவு சாய்க்கும் என்று அளக்கவே இல்லை, தெரிந்துகொள்ள மனமும் இல்லை.

2017-ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் இன்னொன்று காட்டினார்கள். ஆரோக்கியமான பெண்கள், திட்டமிட்ட சிசேரியன், ஃபினைல்எஃப்ரின் ஓடுகிறது, திரவமும் ஏறுகிறது. இப்படி இருக்கும்போது நேராகப் படுக்க வைத்தாலும் 15 டிகிரி சாய்த்தாலும் குழந்தையின் ரத்த அமில நிலையில் வித்தியாசம் இல்லை. நேராகப் படுத்தவர்களுக்கு மருந்து கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்பட்டது.

அப்படியானால் விட்டுவிடலாமா? நான் விடவில்லை. ஓடுகிற மருந்து இல்லாத இடத்தில், இரட்டைக் குழந்தை, பனிக்குட நீர் அதிகம், உடல் பருமன் என்றால் சாய்க்கத்தான் செய்கிறேன். பி.பி. விழுந்து மருந்துக்கு அசையாமல் இருக்கும்போது கையால் வயிற்றை இடது பக்கம் தள்ளிப் பிடித்து உடனே ஏறியதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். எம்.ஆர்.ஐ. ஆயிரம் சொல்லட்டும், இதை என் கை நம்புகிறது.

7 ஜூன், மாலை 4.30 (ஒரு தாய்)

நான் டாக்டர் இல்லை. இரண்டு வருடம் முன்பு சிசேரியன். முதுகில் ஊசி போட்டதும் வாந்தி வந்தது, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, மூச்சு நின்றுவிடும் போல இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அது இதுதானா? குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? இன்றுவரை முதுகு வலிக்கிறது.

7 ஜூன், இரவு 8.00

முதலில் குழந்தை. பி.பி. கொஞ்ச நேரம் குறைந்து உடனே சரிசெய்யப்பட்டால் குழந்தைக்கு நிரந்தரப் பாதிப்பு எதுவும் எதிர்பார்ப்பதில்லை. நெடுநேரம் குறைவாகவே இருந்தால்தான் கவலை. உங்கள் பிள்ளை இரண்டு வயதில் ஓடிக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருங்கள்.

வாந்தி பெரும்பாலும் பி.பி. குறைந்ததால். மூளைக்கும் குடலுக்கும் ரத்தம் குறைவதால் வருவது. நடுக்கம் வேறு. அது ஸ்பைனலுக்குப் பிறகு பாதிப் பேருக்கு வரும், பயப்பட ஒன்றும் இல்லை. மூச்சு நிற்பது போல இருந்ததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மார்புச் சுவர் மரத்துப்போனதால் மூச்சு இழுப்பது தெரியாமல் போகும். அல்லது அதுவும் பி.பி.தான். உங்களோடு பேச்சு வருகிறதா, கையை இறுக்கிப் பிடிக்க முடிகிறதா என்று யாராவது பார்த்திருப்பார்கள். பார்த்ததை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் ஆட்களின் குறை.

முதுகுவலி: ஊசி குத்திய இடம் சில நாள் நோகும், அவ்வளவுதான். வருடக்கணக்கான முதுகுவலி பிரசவத்துக்குப் பிறகு ஸ்பைனல் போடாதவர்களுக்கும் வருகிறது. குழந்தையை இடுப்பில் தூக்குவது, குனிந்து பால் கொடுப்பது, தூக்கமில்லாமை. ஊசியைக் குற்றம் சொல்வது வீட்டில் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது, யாரும் எழுந்து பாத்திரம் தேய்க்க வேண்டியதில்லை. வலி தொடர்ந்தால் ஒரு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த தடவை என்று ஒன்று இருந்தால், ஏதாவது செய்தால் உடனே வாயைத் திறந்து சொல்லுங்கள். பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

8 ஜூன், இரவு 11.05

குழந்தை வெளியே வந்ததும் எல்லோரும் மூச்சு விடுவார்கள். நான் அப்போதுதான் எழுந்து நிற்பேன். இரண்டாவது விழுச்சி அங்கே இருக்கிறது.

கருப்பை சுருங்கக் கொடுக்கும் ஆக்ஸிடோசின் ரத்தக் குழாயைத் தளர்த்தும். ஒரே தள்ளாக 10 யூனிட் போட்டால் பி.பி. கண் முன்னால் சரியும், இதயம் எகிறும். பிரிட்டனில் தாய் இறப்பு விசாரணை அறிக்கையில் 1990-களின் கடைசியில் இப்படி 10 யூனிட் வேகமாகக் கொடுத்ததோடு தொடர்புள்ள இறப்பைக் குறிப்பிட்ட பிறகு அங்கே 5-ஆக, மெதுவாக என்று மாறியது. இப்போதைய பரிந்துரை அதைவிடக் குறைவு. திட்டமிட்ட சிசேரியனுக்கு 1 யூனிட் மெதுவாக, பிறகு சொட்டு சொட்டாக. வலி தொடங்கி நெடுநேரம் ஆனவருக்கு 3 யூனிட் வரை வேண்டியிருக்கும்.

"கருப்பை சுருங்கல, இன்னும் போடுங்க" என்று எதிர்ப் பக்கத்திலிருந்து சத்தம் வரும். போடுவேன், மெதுவாக. பி.பி. அப்போது விழுந்தால் ஸ்பைனல் மேல் பழி போடுவதற்கு முன் ரத்தம் உறிஞ்சும் ஜாடியைப் பாருங்கள், ரத்தம் துடைத்த மாப்புத் துணிகளை எண்ணுங்கள். எல்லா விழுச்சியும் நம் மருந்தால் வருவதில்லை. ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது ஃபினைல்எஃப்ரின் எண்ணை அழகாகக் காட்டி நம்மை ஏமாற்றும்.

9 ஜூன், காலை 7.20

விட்டுப்போனவை, அவசரமாக.

ஆன்டன்செட்ரான் 4 மில்லிகிராம் ஸ்பைனலுக்குச் சில நிமிடம் முன்பு கொடுக்கிறேன். விழுவதையும் பல்ஸ் குறைவதையும் ஓரளவு குறைக்கிறது, வாந்திக்கும் ஆகும், விலையும் இல்லை. கால்களை இறுக்கிக் கட்டுவதும் உதவும் என்கிறார்கள். பாண்டேஜ் கட்ட ஆள் இருந்தால் கட்டுங்கள், எங்களிடம் இல்லை.

மருந்தின் அளவு: உங்கள் 2 மில்லி, அதாவது 10 மில்லிகிராம், தவறில்லை. ஃபென்டானில் என்ற வலிநீக்கி சேர்த்தால் இன்னும் குறைக்கலாம். ரொம்பக் குறைத்தால் நடுவில் வலிக்கும். பி.பி.யைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு பெண்ணை அறுக்கும்போது வலியில் கத்தவிடுவதை நான் ஏற்க மாட்டேன்.

கர்ப்பகால ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குப் பெரிதாக விழும் என்று பயந்தோம். உண்மையில் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் விழுகிறது, மருந்தையும் குறைவாகக் கொடுக்க வேண்டும். இதயத்தின் மைட்ரல் வால்வு சுருக்கம் கடுமையாக இருப்பவருக்கு இந்த இழையில் எழுதிய எதையும் செய்யாதீர்கள். அவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

நார்அட்ரினலின் கேட்டிருந்தார் ஒருவர். 2015-ல் ஙான் கீ குழுவினர்தான் அதையும் தொடங்கிவைத்தார்கள். பல்ஸ் அவ்வளவு குறைவதில்லை. 4 மில்லிகிராம் ஆம்பியூலை 500 மில்லியில் போட்டால் ஒரு மில்லியில் 8 மைக்ரோகிராம், ஒரு மில்லி தள்ளினால் சுமார் 100 மைக்ரோகிராம் ஃபினைல்எஃப்ரினுக்குச் சமம். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஐ.சி.யூ. மருந்து என்ற பயம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆறு மாதமாகப் பயன்படுத்துகிறேன், ஒவ்வொரு தடவையும் பாட்டிலை இரண்டு தடவை படிக்கிறேன்.

9 ஜூன், இரவு 10.30

முதுகில் ஊசி போடுவதை முதலில் செய்தவர் ஜெர்மனியின் கீல் நகரத்து ஆகஸ்ட் பியர், 1898-ல், கோகெய்ன் வைத்து. உதவியாளர் ஹில்டப்ராண்டுக்கு மரத்துவிட்டதா என்று பார்க்கக் கணுக்காலுக்கு மேல் எலும்பில் சுத்தியலால் அடித்தார். அப்புறம் இருவரும் ஒயின் குடித்து சுருட்டுப் பிடித்தார்களாம். மறுநாள் தலைவலி. கையில் கட்டிப் பார்க்கும் பி.பி. கருவியை ரிவா ரோச்சி இத்தாலியில் செய்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இதைச் சொல்லக் காரணம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கேஸ் இல்லை.

15 ஜூன், மாலை 6.40 (கேள்வி கேட்டவர்)

மேடம், 100 மில்லி பாட்டில், சிவப்பு மார்க்கர், 30 சொட்டு. இந்த வாரம் ஆறு கேஸ். ஒருவருக்கு மட்டும் 92 வரை இறங்கியது, அரை மில்லியில் ஏறிவிட்டது. ஒருவருக்குப் பல்ஸ் 52 வந்தது. கை அட்ரோபின் பக்கம் போனது, நிறுத்திக்கொண்டேன். சொட்டை மூடினேன், இரண்டு நிமிடத்தில் சரியானது. சர்ஜன் மேடம் எதுவும் சொல்லவில்லை.

15 ஜூன், இரவு 9.10

சர்ஜன் எதுவும் சொல்லாதது நம் துறையில் மாலை மரியாதை தம்பி, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று எனக்கும் இரண்டு கேஸ். இரண்டாவது அம்மாவுக்குத் தலைப்பிரசவம், பயந்த பெண். ஸ்பைனல் போட்டு, மருந்து ஓடி, நான்காவது நிமிடம் "டாக்டரம்மா, ஒரு மாதிரியா இருக்கு" என்றது. மானிட்டரைப் பார்க்காமல் அரை மில்லி தள்ளினேன். பிறகு பார்த்தால் அதற்கு முந்தைய ரீடிங் 122, இப்போது 141. பல்ஸ் நன்றாக இருக்கிறது. குமட்டுகிறதா? இல்லை. கண் இருட்டுகிறதா? இல்லை. நெஞ்சு அடைக்கிறதா? இல்லை.

"பின்ன என்னம்மா பண்ணுது?"

"பசிக்குது."

நேற்று ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு இட்லியாம். சிஸ்டரிடம் தண்ணீர் விஷயத்தை மறுபடி சொல்லிவிட்டு வந்தேன்.